ஊர் சுற்றும் பாட்டுக் குழுவை செட்டிநாட்டு வளவில் நேரடியாகப் பதிவு செய்வது எப்படி

ஊர் ஊராக வேனில் போய்ப் பாடுகிற ஒரு குழு உங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வருகிறது. கச்சேரி முடிந்து வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை, அந்தக் குரல் காதிலேயே நிற்கிறது, இதை எப்படியாவது ஒரு ஆல்பமாகப் பிடித்து வைத்துவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. அந்த நிலையில் இருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் சில வருடங்களாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். பெரிய ஸ்டுடியோ எதுவும் என்னிடம் இல்லை. எட்டு மைக்கைத் தனித்தனியாகப் பதிகிற எட்டு டிராக் ரெக்கார்டர் ஒன்று, ஏழெட்டு மைக், நிறைய ஒயர், நாலு ஜமுக்காளம், இவ்வளவுதான்.

சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய் நல்ல ஸ்டுடியோவில் பதியலாமே என்று பலரும் சொல்வார்கள். நானும் ஒருமுறை அப்படி ஒரு குழுவோடு போனேன். பாடுகிறவரைக் கண்ணாடி அறைக்குள் விட்டு, தவில்காரரை வேறு அறையில் உட்காரவைத்து, எல்லோர் காதிலும் ஹெட்போனை மாட்டினார்கள். சத்தம் அப்பழுக்கில்லாமல் வந்தது, பாட்டுதான் வரவில்லை. பாடுகிறவர் ஒரு வரியை இழுத்து நிறுத்தும்போது தவில்காரர் அவருடைய தோளைப் பார்த்துத்தான் அடியை வைப்பார். தோள் தெரியாத அறையில் அவர் என்ன செய்வார்? அன்றைக்குப் புரிந்ததுதான் இந்தக் கட்டுரை முழுவதற்கும் அடிப்படை: ஒருவர் வாசிப்பதை இன்னொருவர் கேட்டு வாசிப்பதில்தான் பாட்டுக்கு உயிர் இருக்கிறது. மைக்கை எங்கே வைப்பது, யாரை எங்கே உட்காரவைப்பது, எதை வெட்டுவது, எதை விடுவது என்று வரும்போதெல்லாம் அவர்கள் ஒருவரை ஒருவர் கேட்பதை இது கெடுக்குமா என்று மட்டும் பார்த்தால் போதும், பாதி முடிவு தானாக வந்துவிடும்.

இதற்கு ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. 1940களில் ஏவி. மெய்யப்ப செட்டியார் காரைக்குடிப் பக்கம் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டுடியோவே நடத்தியிருக்கிறார், 1948இல்தான் அது சென்னைக்குப் போனது. உலகம் கொண்டாடுகிற நேரடி ஆல்பங்களிலும் பல ஸ்டுடியோவுக்கு வெளியே பிறந்தவைதான். அரீதா பிராங்க்ளின் 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு தேவாலயத்தில், ஜனங்கள் எதிரே உட்கார்ந்திருக்க, இரண்டே ராத்திரியில் தன்னுடைய புகழ்பெற்ற பக்தி ஆல்பத்தைப் பாடி முடித்தார். ஜேம்ஸ் பிரவுன் 1962இல் நியூயார்க்கின் அப்பல்லோ தியேட்டர் நிகழ்ச்சியைப் பதிய வேண்டும் என்றபோது அவருடைய கம்பெனி முதலாளி பணம் தர மறுத்தார், அவர் தன் சொந்தக் காசைப் போட்டுப் பதிந்தார். நம் குழுக்களின் நிலைமையும் கிட்டத்தட்ட அதுதான், யாரும் முன்பணம் தரப்போவதில்லை. அதனால் செலவைச் சுருக்கி, உழைப்பைக் கூட்டித்தான் செய்ய வேண்டும்.

முதலில் எந்த ராத்திரியைப் பதிவது என்று முடிவு செய்யுங்கள். குழு ஊரில் இறங்கிய அன்றைக்கே பதிவு வைக்காதீர்கள். ஐந்தாறு மணி நேரம் வேனில் குலுங்கி வந்த உடம்பில் குரல் திறக்காது. தொடர்ந்து நாலைந்து ஊரில் பாடும்போது ஒரே பாட்டு ஒவ்வொரு ராத்திரியும் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே வரும், முதல் ஊரில் மூன்று நிமிடம் இருந்தது நாலாவது ஊரில் ஏழு நிமிடமாகும், நடுவில் யாரோ ஒருவர் புதிதாக ஒரு சங்கதி, அதாவது அதே வரியில் வேறொரு நெளிவு, போட்டிருப்பார், மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். பாட்டு அப்படிப் பழுத்து வரும்போதுதான் பிடிக்க வேண்டும். நான் செய்கிற முறை இது: முதல் இரண்டு மூன்று மேடைகளில் கூடவே போய்ச் சும்மா பதிவேன், அது ஆல்பத்துக்கு இல்லை, பாடம் படிக்க. எந்தப் பாட்டில் யார் குரல் உயரும், தவில் எங்கே வெடிக்கும், யார் யாரைப் பார்த்து வாசிக்கிறார்கள் என்று எழுதி வைத்துக்கொள்வேன். அதன் பிறகு குழுவுக்கு ஒரு நாள் முழு ஓய்வு. மறுநாள் ராத்திரி, மேடை இல்லாமல், மைக் செட் இல்லாமல், ஒரு பழைய வீட்டின் வளவில், அதாவது நடு முற்றமும் சுற்றுத் தாழ்வாரமும் உள்ள பகுதியில், ஐம்பது பேரை உட்காரவைத்துப் பதிவு. ஆல்பம் அந்த ராத்திரியில்தான் பிறக்கும். மேடைப் பதிவிலிருந்து ஒன்றிரண்டு பாட்டுச் சேர்ந்தால் அது கூடுதல் லாபம்.

மாதம் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் மழையும், ஊருணிப் பக்கம் தவளைச் சத்தமும். சித்திரை, வைகாசி வெயிலில் ராத்திரி பதினோரு மணிக்கும் சுவர் சூடு விடும், மின்விசிறியை நிறுத்தினால் உட்கார முடியாது, ஓடவிட்டால் அந்த இரைச்சல் எல்லா மைக்கிலும் ஏறும். மார்கழியில் விடியற்காலைக் கோயில் குழாய் ஸ்பீக்கர் உண்டு என்றாலும் ராத்திரிக்கு அது குறுக்கே வராது. தை பாதியிலிருந்து மாசி முடியும் வரை மிக நல்ல காலம். காற்று காய்ந்திருக்கும், தோல் கருவிகள் தொய்யாது, திருவிழாக்களுக்காகக் குழுக்களும் இந்தப் பக்கம்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

இனி வீடு. கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர், கொத்தமங்கலம், தேவகோட்டை என்று எங்கே போனாலும் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகள் இருக்கின்றன, ஆனால் சாவி வைத்திருக்கிறவர் சரி என்றால் மட்டும் போதாது. ஒரு வீட்டுக்குப் பத்து இருபது பங்காளிகள் இருப்பார்கள், ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில், ஒருவர் அதே தெருவில். எல்லோருக்கும் சொல்லி, முடிந்தால் எல்லோரிடமும் ஒரு வார்த்தை வாங்கிவிடுங்கள். ஒருமுறை ஒரே ஒரு பங்காளிக்குச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவர் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து நின்றார், குழு வாசலில் வேனை நிறுத்திக்கொண்டிருக்கிறது. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, அது அவர் பாட்டன் வீடு. திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிச் சரியானது, ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் குழுவின் முகம் வாடிப்போனது பதிவில் கேட்கும். சினிமாப் படப்பிடிப்புக்கு வீடு கொடுத்துப் பழகியவர்கள் அந்தக் கணக்கில் வாடகை கேட்பார்கள். எத்தனை பேர் வருகிறோம், என்ன செய்யப்போகிறோம், ஆணி அடிக்க மாட்டோம், தூணில் டேப் ஒட்ட மாட்டோம் என்று முன்னாலேயே சொன்னால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள். டேப் விஷயத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உரிக்கும்போது பழைய வர்ணம் கூடவே வந்துவிடும், அதைத் திரும்பப் பூச இன்றைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம்.

வளவு எப்படி ஒலிக்கும் என்று தெரிந்துகொண்டால்தான் ஆட்களைச் சரியாக உட்காரவைக்க முடியும். கீழே ஆத்தங்குடிக் கல், சுற்றிலும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக் கருவும் சேர்த்து மெருகேற்றிய வழுவழுப்பான சுவர், பர்மா தேக்குத் தூண்கள். எல்லாமே சத்தத்தைத் திருப்பி அடிக்கிற பொருட்கள். அப்படியே ஒரு கூடமாக மூடியிருந்தால் தவில் அடித்ததும் சத்தம் உருண்டு குழம்பிப்போகும். ஆனால் நடுவில் முற்றம் வானத்துக்குத் திறந்திருக்கிறது, அந்த வழியாகச் சத்தத்தில் பெரும்பங்கு வெளியே போய்விடுகிறது. மிச்சம் நிற்பது குரலுக்கு ஒரு மினுமினுப்பைக் கொடுக்கிற அளவுக்குச் சின்ன எதிரொலி. தூண்கள் வரிசையாக நிற்பதால் அதுவும் உடைந்து பரவிவிடுகிறது. நம் பெரியவர்கள் இதை வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் கட்டினார்கள், பாட்டுக்கும் அது வாய்த்துவிட்டது.

நடு முற்றத்தில் நின்று கையைத் தட்டிப் பாருங்கள். பிறகு சுற்றுத் தாழ்வாரத்தில் நாலு மூலையிலும் தட்டிப் பாருங்கள். இரண்டு சுவருக்கு நடுவே டர்ர்ர் என்று சிறகடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தால் அந்த இடத்தில் யாரையும் உட்காரவைக்காதீர்கள், அல்லது ஒரு பக்கச் சுவரில் கயிறு கட்டி ஜமுக்காளம் தொங்கவிடுங்கள். ஜனங்கள் வந்து உட்கார்ந்ததும் சத்தம் இன்னும் அடங்கும், அதனால் காலியான வளவில் கேட்டதை வைத்துப் பயந்து வீடு முழுக்கப் போர்வை தொங்கவிட வேண்டாம். அப்படிச் செய்தால் ஸ்டுடியோவைத்தான் திரும்பக் கட்டுகிறீர்கள்.

உட்காரவைப்பதில் நான் கற்றுக்கொண்டது: தோல் கருவிகள் முற்றத்தில், திறந்த வானத்துக்குக் கீழே. குரல்கள் தாழ்வாரத்தில், கூரைக்குக் கீழே, முற்றத்தைப் பார்த்தபடி. தவிலின் சத்தம் மேலே போய்விடும், பாடுகிறவருக்கோ பின்னால் இருக்கிற சுவர் துணை நிற்கும், கத்தாமலே குரல் எழும். நாகஸ்வரம் இருந்தால் அதைப் பாடுகிறவருக்கு நேர் எதிரே, முற்றத்தின் மறுபக்கம் வையுங்கள். அனசின், அதாவது குழலின் விரிந்த அடிப்பகுதியின், வாய் நேராகக் குரல் மைக்கைப் பார்க்காதபடி கொஞ்சம் திருப்பினால் போதும். ஆர்மோனியம் பாடுகிறவர் பக்கத்திலேயே இருக்கட்டும், அது அவருடைய ஊன்றுகோல். தாளக்காரர் எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும். மொத்தத்தில் ஒரு அரைவட்டம் வரும், யாரும் யாரையும் விட்டு ஐந்து மீட்டருக்கு மேல் போகக் கூடாது. சத்தம் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர்தான் போகும். பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 29 மில்லி விநாடி தாமதம். காதுக்குத் தெரியாது, ஆனால் கைக்குத் தெரியும், துரித காலத்தில் தாளம் பின்னால் இழுக்கும்.

குழு மேடைப் பழக்கத்தில் தங்கள் பாட்டைத் தாங்களே கேட்க மானிட்டர் ஸ்பீக்கர் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், ஒரு பாட்டு அது இல்லாமல் பாடிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். முதல் ஐந்து நிமிடம் தவிப்பாக இருக்கும். பிறகு தவில்காரர் தானாகவே கையை அடக்குவார், ஏனென்றால் அவருக்குப் பாட்டு கேட்க வேண்டும். எல்லோரும் அடக்கி வாசிக்க ஆரம்பித்ததும் குரலில் மேடையில் கேட்காத நெளிவுகளெல்லாம் வெளியே வரும். அந்த இடத்தை நான் ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்த்துத்தான் கேட்கிறேன். ஸ்பீக்கர் இல்லாவிட்டாலும் ஒன்றைக் கவனியுங்கள்: ராத்திரி பத்து மணி முதல் காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி மட்டுமல்ல, வாத்தியமும் கூடாது என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், 2010இல் திருத்தப்பட்ட பிறகு, சொல்கின்றன, அதனால் பத்து மணிக்குள் முடிக்கப் பாருங்கள். பக்கத்து வீடுகளுக்கும் முதல் நாளே போய்ச் சொல்லி, அவர்களையும் கேட்க வரச்சொல்லிவிடுங்கள்.

மைக் விஷயத்துக்கு வருவோம். கையில் இருக்கிற எட்டு டிராக்கை நான் இப்படிப் பிரிப்பேன். முதல் இரண்டு, ஒரே ஸ்டாண்டில் ஜோடியாக நிற்கிற இரண்டு கண்டென்சர் மைக் (நுணுக்கமாகப் பிடிக்கும், ஆனால் மின்சாரம் கேட்கும்), 17 சென்டிமீட்டர் இடைவெளியில், 110 டிகிரி விரித்து. பிரெஞ்சு வானொலிக்காரர்கள் கண்டுபிடித்த அமைப்பு இது, காது இரண்டும் கேட்கிற மாதிரியே கேட்கும். இதை அரைவட்டத்துக்கு முன்னால், ஜனங்களின் முதல் வரிசைக்குச் சற்று முன்னே, இரண்டரை மீட்டர் உயரத்தில் வையுங்கள். ஆல்பத்தின் முக்கால்வாசி இந்த ஜோடியில்தான் இருக்கப்போகிறது, அதனால் இதன் இடத்தைப் பார்க்க ஒரு மணி நேரம் செலவழித்தாலும் தகும். குழு ஒரு பாட்டு வாசிக்கும்போது நீங்களே ஒரு ஸ்டூலில் ஏறி நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, முன்னும் பின்னும் நகர்ந்து கேளுங்கள். குரலும் தவிலும் சமமாகச் சேர்கிற ஒரு இடம் கிடைக்கும், ஒரு அடி முன்னால் போனால் தவில் தின்றுவிடும், ஒரு அடி பின்னால் வந்தால் குரல் மங்கிவிடும். அந்த இடத்தில் ஸ்டாண்டை நடுங்கள்.

மூன்றும் நாலும் குரல்களுக்கு, ஷூர் எஸ்எம்58 மாதிரி சாதாரண டைனமிக் மைக் போதும், வாயிலிருந்து ஒரு ஜாண். ஐந்தும் ஆறும் தவிலுக்கு. வலந்தலைப் பக்கம் கூடு போட்ட விரல் அடி, கூர்மையானது. தொப்பிப் பக்கம் கம்படி, கனமானது. ஒரே மைக்கில் இரண்டும் வராது, ஒன்று மற்றதை மூடிவிடும். தோலிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வையுங்கள், ஒட்டி வைத்தால் பலகையைத் தட்டுகிற மாதிரி வறண்டு கேட்கும். ஏழாவது நாகஸ்வரத்துக்கோ உறுமிக்கோ. நாகஸ்வரத்தில் சத்தம் அனசிலிருந்து மட்டும் வருவதில்லை, விரல் துளைகளிலிருந்தும் வருகிறது, அதனால் மைக் ஒரு மீட்டர் தள்ளி குழலின் நடுவைப் பார்க்கட்டும். உறுமியென்றால் கம்பைத் தேய்க்கிற முகத்துக்கு ஒரு அடி தூரத்தில், ஏனென்றால் அந்த உறுமல் தூரம் போகாது. எட்டாவதை ஜனங்கள் பக்கம் திருப்பி வையுங்கள்.

பறை இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பறையைக் காய்ச்ச நெருப்பு வேண்டும், அதை வாசலில், வீட்டுக்கு நன்றாக வெளியே மூட்டச் சொல்லுங்கள். காய்ச்சி எடுத்து வந்த சூட்டில் இருக்கிற கணீர் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும், அதனால் பறைப் பாட்டுக்களை ஒன்றாகச் சேர்த்து, காய்ச்சி முடிந்த கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மேடையிலும் பதிவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. மைக் செட்காரருடைய மிக்சரிலிருந்து இரண்டு ஒயர் இழுத்துப் பதிந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். என்னுடைய முதல் பதிவு அப்படித்தான் போனது. மேடையில் தவிலுக்கு ஒலிபெருக்கியே தேவையில்லை, அதனால் அவர் அதை மிக்சரில் ஏற்றவே இல்லை. வீட்டில் வந்து கேட்டால் குரலும் ஆர்மோனியமும் மட்டும், தவில் பக்கத்து ஊரில் வாசிக்கிற மாதிரி. ஒவ்வொரு மைக்கையும் ஸ்ப்ளிட்டர், அதாவது ஒரு மைக்கை இரண்டு வழியாகப் பிரிக்கிற பெட்டி, வைத்துத் தனியாகப் பிரித்து எடுங்கள், கூடவே உங்கள் ஜோடி மைக்கையும் கூட்டத்தில் நடுங்கள். மைக் செட் அண்ணனிடம் முதல் நாளே போய் டீ வாங்கிக் கொடுத்துப் பேசிவிடுங்கள், திருவிழா அன்றைக்கு அவருக்கு இருக்கிற நூறு வேலையில் உங்கள் ஒயரைத் தொட அவருக்கு நேரம் இருக்காது.

கரண்ட் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பாதிதான். நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் எர்த் சரியில்லாவிட்டால் ம்ம்ம் என்று ஒரு ஓசை அடியில் ஓடும், 50இல் மட்டுமல்ல, 100, 150 என்று ஏறிக்கொண்டே போகும். பழைய வீடுகளில் எர்த் இருப்பதே சந்தேகம். வளவுப் பதிவை நான் முழுக்க முழுக்க பேட்டரியில் செய்கிறேன், ரெக்கார்டருக்கு இரண்டு பெரிய பவர் பேங்க். கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் அதிலிருந்துதான் போக வேண்டும், அது சார்ஜை வேகமாகக் குடிக்கும், அதனால் மூன்றாவதாக ஒன்றும் கையில் இருக்கட்டும். சீரியல் லைட் எதுவும் அந்தப் பக்கம் வேண்டாம். வெளிச்சத்துக்கு அகல் விளக்கும் இரண்டு மூன்று குண்டு பல்பும் போதும், பாடுகிறவர்களுக்கும் அந்த வெளிச்சம் பிடிக்கும். மேடையில் ஒயர் போடும்போது மைக் ஒயரும் லைட் ஒயரும் பக்கத்துப் பக்கத்தில் ஓடக் கூடாது, குறுக்கே வந்தால் நேர் குறுக்காகக் கடக்கட்டும்.

ரெக்கார்டரை 24 பிட், 48 கிலோ ஹெர்ட்ஸில் வையுங்கள். ஒரு டிராக் மணிக்கு ஏறக்குறைய 520 எம்பி, எட்டு டிராக் என்றால் நாலு ஜிபிக்குச் சற்று மேல். நாலு மணி நேர ராத்திரிக்கு 32 ஜிபி கார்டு தாராளம், ஆனால் இரண்டு கார்டு வாங்குங்கள், இடைவேளையில் மாற்றிவிடுங்கள், ஒன்று கெட்டாலும் பாதியாவது மிஞ்சும். லெவலைச் சோதனையின்போது அதிகபட்சம் மைனஸ் 18 டிபிக்கு மேல் போகாமல் வையுங்கள், 0 டிபிதான் உச்ச வரம்பு. பயந்து குறைத்து வைக்கச் சொல்வதாக நினைக்க வேண்டாம். சோதனைக்கு வாசிக்கும்போது இருக்கிற கை வேறு, ஜனங்கள் எதிரே உட்கார்ந்து ஆஹா என்று சொன்ன பிறகு இருக்கிற கை வேறு, தவில் எளிதாக ஆறு டிபி ஏறிவிடும். மேலே முட்டிக் கிழிந்த சத்தத்தை எந்த மருந்தாலும் சரிசெய்ய முடியாது. எல்லா மைக்கும் ஓட ஆரம்பித்ததும் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள், பிறகு டிராக்குகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க அது உதவும்.

கானாடுகாத்தான் பக்கமென்றால் செட்டிநாடு ஸ்டேஷன் கிட்டத்தில் இருக்கிறது, ரயில் நேரத்தை ஒரு தாளில் எழுதி ஒட்டாமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பூட்டிக் கிடந்த வீடென்றால் வவ்வாலும் புறாவும் இருக்கும், அவற்றை விரட்டாதீர்கள், விரட்டினால்தான் ராத்திரி முழுக்கப் படபடக்கும். குழந்தைகளை வெளியே அனுப்ப வேண்டாம். ஒரு குழந்தை சிரித்தது என் பதிவு ஒன்றில் சரணத்துக்கும் பல்லவிக்கும் நடுவே விழுந்திருக்கிறது, அதை எடுக்கச் சொல்லி இதுவரை யாரும் கேட்கவில்லை.

குழுவைக் கவனிப்பது பதிவு வேலையில் ஒரு பகுதிதான், தனி வேலை கிடையாது. மாலை நாலரைக்கு வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் வந்தால் ஆசையாகச் சாப்பிடுவார்கள், ஆனால் பாடுகிறவர்களுக்கு எண்ணெய்ப் பலகாரத்தைப் பதிவு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று பக்குவமாகச் சொல்லுங்கள். இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் குரலுக்குச் சுகம். இடைவேளையில் பனங்கற்கண்டு போட்ட வெதுவெதுப்பான பால். நாலு ஊர் பாடி வந்த குரலில் கொஞ்சம் கரகரப்பு இருக்கும், அதைக் குறையென்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். வலி இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். வலி இருந்தால் பதிவை நிறுத்துங்கள், வலியில்லாத கரகரப்பென்றால் அதுதான் அந்தக் குரலின் இந்த வருடத்து நிறம்.

பாட்டு வரிசையை முழுக்க எழுதிக் கையில் கொடுக்காதீர்கள். முதல் மூன்று பாட்டும் கடைசிப் பாட்டும் தெரிந்தால் போதும், நடுவில் அவர்களே போகட்டும். ஒரு ராத்திரி கொத்தமங்கலம் பக்கம் ஒரு வீட்டில் இப்படித்தான் விட்டுவைத்திருந்தேன். குழுவில் மூத்தவர், அறுபதைத் தாண்டிய அம்மா, ஒரு தாலாட்டுப் பாடினார். பாடி முடித்ததும் தூணோரம் உட்கார்ந்திருந்த அந்த வீட்டு ஆச்சி, “ஆத்தா, அந்த நாலாவது அடி எங்க ஊருல அப்படி இல்லை” என்றார். பிள்ளையின் தகப்பன் கொண்டுவிக்கப் போன, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன, ஊரின் பெயரை அங்கே சேர்த்துப் பாடுவார்களாம். பாடிக் காட்டுங்கள் ஆச்சி என்று அந்த அம்மா கேட்க, ஆச்சி கூச்சத்தோடு இரண்டு அடி பாடினார். குழு அம்மா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, ஆர்மோனியத்தை நிறுத்தச் சொல்லி, ஆச்சியின் அடியையும் சேர்த்து முதலிலிருந்து திரும்பப் பாடினார், தாளம்கூட இல்லாமல். அந்த ஆல்பத்தில் அதுதான் நடு நாயகம். ஆச்சி திருத்தியதையும் வெட்டாமல் அப்படியே விட்டோம், அவரிடம் கேட்டுவிட்டுத்தான். என் ரெக்கார்டர் அப்போது ஓடிக்கொண்டிருந்தது என்பது மட்டும்தான் இதில் நான் செய்த வேலை. அதனால் பாட்டுக்குப் பாட்டு நிறுத்தி நிறுத்திப் பதியாதீர்கள். ஆட்கள் உட்காரும் முன்னே ஓடவிட்டு, இடைவேளையில் கார்டு மாற்றுவதைத் தவிர, எல்லோரும் எழுந்து போன பிறகு நிறுத்துங்கள்.

பதிவு முடிந்த அன்றைக்கே இரண்டு இடத்தில் காப்பி எடுத்துவிட்டு, பத்து நாள் அதைத் தொடாமல் வையுங்கள். அந்த ராத்திரியின் சந்தோஷம் காதிலிருந்து இறங்க வேண்டும். பிறகு கேட்கும்போது ஒவ்வொரு பாட்டையும் முழுசாகக் கேட்டு, முழுசாகவே வைப்பதா விடுவதா என்று முடிவு செய்யுங்கள். ஒரு ராத்திரியின் பல்லவியை இன்னொரு ராத்திரியின் சரணத்தோடு ஒட்டுகிற வேலை வேண்டாம். நாகஸ்வரம் வாசிக்க வாசிக்கச் சூடேறிச் சுருதி சற்று ஏறும், காலப்பிரமாணமும், அதாவது பாட்டின் வேகமும், ராத்திரிக்கு ராத்திரி மாறும், ஒட்டிய இடம் தெரியாவிட்டாலும் பாட்டின் மூச்சு அங்கே நின்றுபோகும்.

மிக்ஸிங்கை அந்த ஜோடி மைக்கிலிருந்து ஆரம்பியுங்கள். அதை மட்டும் வைத்துப் பாட்டு நிற்கிறதா என்று பாருங்கள், பிறகு வார்த்தை தெளிவாகாத இடத்தில் குரல் மைக்கைக் கொஞ்சம், தொப்பியின் கனம் குறைகிற இடத்தில் தவில் மைக்கைக் கொஞ்சம் என்று உப்புப் போடுகிற மாதிரி சேருங்கள். குரல் டிராக்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டலாம், தொப்பி டிராக்கில் வெட்டாதீர்கள். செயற்கை எதிரொலி எதுவும் வேண்டாம், வளவே அதைக் கொடுத்திருக்கிறது. சுருதியைத் தானாகத் திருத்துகிற ஆட்டோ டியூன் பக்கமே போகாதீர்கள், நம் பாட்டில் ஸ்வரம் ஒரே இடத்தில் நிற்பதில்லை, அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவைத் தப்பென்று நினைத்து அது நேராக்கிவிடும். கடைசியாக ஒலி அளவு: இணையத்தில் ஏற்றுவதற்கு மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (பாட்டு மொத்தத்தில் எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதன் அளவு), உச்சம் மைனஸ் 1 டிபி என்று வைத்தால் சரியாக இருக்கும். ஆனால் தாலாட்டையும் பறையையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவர முயலாதீர்கள், தாலாட்டு தாழ்ந்தே இருக்கட்டும்.

காகித வேலையைப் பதிவுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். ஒரே பக்கத்தில், தமிழில், யார் யார் பாடினார்கள், வாசித்தார்கள், இப்போது கையில் எவ்வளவு, பின்னால் வருகிற பணத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு நகல். பாடுகிறவர், வாசிக்கிறவர் எல்லோருக்கும் தங்கள் நிகழ்ச்சி மேல் சட்டப்படி உரிமை இருக்கிறது, 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது அது இன்னும் பலப்பட்டது. தாளக்காரரை விட்டுவிடாதீர்கள், பல குழுக்களில் அவர் பெயர்தான் முதலில் மறக்கப்படுகிறது. சினிமாப் பாட்டு எதையாவது நடுவில் பாடியிருந்தால் அதன் உரிமையாளரிடம் அனுமதி வாங்காமல் ஆல்பத்தில் சேர்க்காதீர்கள். ஊர்ப் பாட்டென்றால் எந்த ஊரில் யாரிடம் கற்றது என்று உறையில் எழுதுங்கள்.

இணையத்தில் ஏற்றுவதோடு நிற்காமல் நூறு பென்டிரைவிலாவது போட்டுக் குழுவின் கையில் கொடுங்கள். அடுத்த ஊர் மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு வைத்தால், பாட்டுக் கேட்ட சூட்டில் வாங்குகிற ஜனங்கள் இன்னும் இருக்கிறார்கள். வீட்டுப் பங்காளிகளுக்கு ஒன்று, ஆச்சிக்கு ஒன்று.

கடைசிச் சோதனை ஒன்று வைத்திருக்கிறேன். மாஸ்டர் காப்பியை மைக் செட் அண்ணனிடம் கொண்டுபோய், ஏதாவது ஒரு திருவிழாவில் மாலை நேரத்தில் குழாயில் போடச் சொல்வேன். பிறகு கண்மாய்க் கரை வரை நடந்து போய் அங்கே நின்று கேட்பேன். குழாயில் கனமும் வராது, நுணுக்கமும் வராது, நடுவிலிருக்கிற குரல் மட்டும்தான் வரும். அவ்வளவு தூரத்தில் வார்த்தை புரிந்தால் உறையை அச்சுக்குக் கொடுப்பேன். புரியாவிட்டால் வீட்டுக்கு வந்து குரல் மைக்கை ஒரு டிபி ஏற்றிவிட்டு, மறுநாள் திரும்பவும் குழாயில் போடச் சொல்வேன்.